பதினோரு பலகை

மூன்று இருபதுக்கு நின்றுவிடும்.
ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பன்னிரண்டு இரவு.
ஹம்ரியாவில், கடலுக்கு முதுகு காட்டிக் கிடக்கும் ஷெட்டில்
ஓக் பலகைகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணி
நெஞ்சோடு சேர்த்துத் தூக்கி
இடைக்குச்சி வைத்து
வரிசை மேல் வரிசை இறக்குகிற எந்திரம்
நீட்டிய கையோடு அந்தரத்தில் நிற்கும்.
திரையில் சிவப்பு: வரிசை நிரம்பவில்லை.
போய் எண்ணினால் பதினொன்று.
அதன் கணக்கிலோ பன்னிரண்டு.

ஒரு பலகையை யார் தின்றது?

மேனேஜர் சிபி குரியாகோஸ் என்னைப் பார்த்தார்.
நான் குல் ஜமானைப் பார்த்தேன்.
குல் ஜமான் ஃபோர்க்லிஃப்டைப் பார்த்தான்.
ஃபோர்க்லிஃப்டுக்குப் பார்க்க யாருமில்லை,
பீப் பீப் என்று பின்னால் போனது.

ஆஸ்திரியாவிலிருந்து ஒரு பையன்
லேப்டாப் வழியே எந்திரத்தின் மண்டைக்குள் இறங்கி
இரண்டு மணி நேரம் துழாவிவிட்டுச் சொன்னான்:
உங்கள் எந்திரம் நலமாக இருக்கிறது.
அதற்குப் பிறகு எல்லோரும்
நலமில்லாத ஆளைத் தேட ஆரம்பித்தார்கள்.
நின்ற நிமிடங்களைக் கூட்டி ஒரு தாள் அடித்து
தலைப்பில் என் பெயரைப் போட்டார்கள்,
மரியசெல்வம், ஆபரேட்டர், இரவு,
எழுத்துப்பிழையோடு.

பதிமூன்றாம் இரவு நான் நாற்காலியில் உட்காரவில்லை.
சங்கிலிக்குப் பக்கத்தில், மஞ்சள் கோட்டுக்கு வெளியே
குந்தியிருந்தேன்.
மூன்று பத்துக்கு இரண்டாம் சூளையின் விசிறி ஓயும்.
கதவிடுக்கில் சூடு கசியும், புளித்த மரவாசனையோடு.
சூட்டுக்குப் பூச்சிகள் வரும்.
பூச்சிகளுக்கு,
சென்சாரின் சிவப்புப் புள்ளியில் கால் வைத்து,
சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பல்லி வந்தது.

ஒளியைக் கடந்தது.
எந்திரம் எண்ணிக்கொண்டது: ஒன்று.

குல் ஜமான் அடிப்பதற்காக
சேஃப்டி ஷூவின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினான்.
அது அவிழ நேரம் பிடிக்கும்.
அதற்குள் பல்லி சொல்லிவிட்டது.
ஓடும்போது இடி விழுந்தாலும் கேட்காத இடம்;
நின்றதால் கேட்டது.
ஞாயிறு பூசைக்குப் போகிறவன்தான் நான், ஆனாலும்
எந்தத் திசையில் சொன்னது என்று பார்க்க வேண்டாமா?
தொழுகைக்காகத் தூணில் ஒட்டிய அம்புக்குறியை
மேற்காக வைத்துத் தெற்கைக் கண்டுபிடித்தேன்.
தெற்கில் சொன்னால் என்ன பலன்?
காலண்டரின் பின்பக்கம் போட்டிருப்பார்கள்.
எங்கள் அறையில் தொங்குவது சிமெண்ட் கம்பெனி காலண்டர்,
பின்பக்கம் வெறும் வெள்ளை.

நின்ற காரணம் என்ற கட்டத்தில் ஐந்து பதில்தான்:
மின்சாரம், உதிரிபாகம், பொருள், ஆபரேட்டர், மற்றவை.
மற்றவை என்றால் விளக்கம் கேட்கும்,
ஆங்கிலத்தில், நாற்பது எழுத்துக்குள்.
பொருள் என்று அழுத்தினேன்.
பலகைக் கணக்கில் சேர்ந்த பிறகு
அதுவும் பொருள்தானே.

சென்சாருக்கு ஒரு தகரக் கூரை வெட்டி
இரண்டு திருகாணி போட்டு முடுக்கினேன்.
மறுநாள் மூன்று இருபது வந்தது, போனது.
பன்னிரண்டு. பன்னிரண்டு. பன்னிரண்டு.
சிபி குரியாகோஸ் வாட்ஸப்பில் கட்டைவிரல் அனுப்பினார்.

ஒன்று மட்டும்தான்.
நிற்கிற அந்தப் பதினெட்டு நிமிடத்தில்
தன் பகதூர் கெட்டிலைப் போடுவான்.
குல் ஜமான் மகளின் கணக்கு மார்க்கைச் சொல்வான்,
ஒவ்வொரு இரவும் இரண்டு கூட்டி.
நான் காதடைப்பானைக் கழற்றுவேன்,
சுவருக்கு அந்தப் பக்கம் கடல் இருக்கும்.

இப்போது மூவரும் மூன்று மூலையில்
கை ஜாடையில் பேசிக்கொள்கிறோம்.
வியாழக்கிழமை தன் பகதூர் அருகே வந்து
எந்திரத்தைப் பார்த்தபடி, என்னைப் பார்க்காமல்,
காதில் கத்தினான்:
பல்லி சௌக்கியமா?

தகரத்தில் இரண்டே திருகாணி.
நாலாம் நம்பர் ஆலன் கீ
என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.