குறுக்களவு

கிராண்டில் ரப்பர் என்றுதான் போட்டிருக்கிறது.
நாலு ஏக்கர், மூன்று ரூட். நிபந்தனை: ரப்பர் மட்டும்.
தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற வருஷம்
அப்பா கட்டிய கடைசித் தவணை ரசீது
அதோடு குண்டூசியில் தொங்குகிறது, துருக்கறையோடு.

பால்மரம் என்று எண்ணினால் பதினொன்று.
மற்றதெல்லாம் யாரும் நடாமல் வந்தவை.
முப்பது வருஷம் செம்பனை ஆலையில்
நான் லாரி எடை போட்டுக்கொண்டிருந்தபோது
என்னைக் கேட்காமலே எழுந்து நின்றுவிட்டவை.

சிலிம் ரிவர் கடைத்தெருவில்
எல்லாருக்கும் என் நிலத்தைப் பற்றி ஒரு கருத்து உண்டு.
மரம் வாங்கும் தவுக்கே: "எட்டாயிரம் வெள்ளி, ரொக்கம்.
லாரிகூட நானே கொண்டாறேன்."
அண்ணன் மகன் கபிலன்: "வழிச்சிட்டுச் செம்பனை வைங்க அத்தை.
காடு வந்து பேங்குக்கு வட்டி கட்டுமா?"
மாவட்ட மன்றத்திலிருந்து ஒரு கடிதம்:
நேசமலர் த/பெ இருளாண்டி, புதர், பாம்பு, புகார்.

வனத்துறை அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.
முகப்பிலிருந்த பெண் ஒரு பாரத்தை நீட்டினாள்.
பயிர் வகை: ரப்பர், செம்பனை, பழமரம், மற்றவை.
மற்றவைக்குப் பக்கத்தில் ஒரு கோடு,
என் சுண்டுவிரல் நீளம்.
நாலு ஏக்கரை அதில் எங்கே நிறுத்துவது?
ஹூத்தான் என்று எழுதினேன்.
படித்தாள். எழுந்து உள்ளே போனாள்.
விசிறி சுற்றியது. நெடுநேரம் அவள் வரவில்லை.

உதவி வந்தது, அதற்கு வரத் தெரிந்த விதத்தில்.
மலாயில் ஒரு கையேடு, நடுப்பக்கம் இல்லாமல்.
மானியம் உண்டாம், பத்து ஏக்கருக்கு மேல் இருந்தால்.
கறுப்புப் பைகளில் நாற்பது மெராந்திக் கன்றுகள்;
பஸ் டிரைவர் திட்டிக்கொண்டே ஏற்றினான்,
இரண்டாவது பஸ்ஸிலேயே ஒன்பது வாடிவிட்டன.
அப்புறம், ஒரு வியாழக்கிழமை, என்சிக் ரோஸ்லி.

ரோஸ்லிக்கு முழங்கால் வலி.
ஓடையைத் தாண்ட என் தோளைப் பிடித்துக்கொண்டார்.
நெஞ்சு உயரத்தில் மரத்தைச் சுற்றி நாடாவைக் கட்டுவார்.
சாதாரண நாடா இல்லை அது,
சுற்றிப் பிடித்தால் குறுக்களவைச் சொல்லும்.
அறுக்காமலே உள்ளே எவ்வளவு என்று தெரிந்துவிடும்.
நான் வாழ்நாளெல்லாம் செய்ததும் ஏறக்குறைய அதுதான்:
பாரத்தோடு ஒரு எடை, காலியாய் ஒரு எடை,
கழித்தால் வருவது பழம்.

"இது கெம்பாஸ். தொடாதீங்க, தேனீ கட்டும்.
இந்தக் கொடியை மட்டும் அடியில வெட்டி விடுங்க."
மொத்தம் எத்தனை மரம் இருக்கும் என்றேன்.
"உங்க காடு, நீங்கதான் சொல்லணும்" என்றார்.

கீழ்ப்பக்கத்து ஆ லெக் வந்தான்,
புல்வெட்டும் எந்திரமும் அரை டின் பெட்ரோலுமாக.
இருபது வருஷத்தில் என் வேலியைத் தாண்டாதவன்.
"போன வெயிலுக்கு எல்லா ஓடையும் காஞ்சி போச்சி.
உன் காட்டுத் தண்ணி மட்டும் நிக்கலே.
என் குட்டை மீன் சாகலே."
மேலே அவன் ஒன்றும் சொல்லவில்லை.
பெட்ரோலுக்கு எவ்வளவு எண்ணெய் கலக்கணும்
என்று மட்டும் நான் கேட்டேன்.

நிபந்தனையை மாற்ற நில அலுவலகத்தில்
வேறொரு பாரம், வேறொரு கட்டணம்.
கொடுத்து ஏழு மாதம் ஆகிறது.
சட்டப்படி இன்னும் நான்
இல்லாத பால்மரங்களின் சொந்தக்காரி.
நட்ட முப்பத்தொன்றில் பதினேழு பிழைத்திருக்கின்றன.
இரண்டைப் பன்றி தோண்டியது. மற்றவை ஏனென்று தெரியவில்லை,
அது அந்த நடுப்பக்கத்தில் இருந்திருக்கலாம்.

நேற்று ரோஸ்லி போன் செய்தார்.
"அன்னைக்கு என் நாடா அங்கே எங்கேயாவது விழுந்துச்சா?
ஆபீஸ்ல கணக்குக் கேக்கிறாங்க."
காதுக்கும் தோளுக்கும் நடுவே போன்,
வாயில் பென்சில்,
நூற்றுப் பதினேழாவது மரத்தைச் சுற்றி
என் இரண்டு கையும்.
மேட்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் போகவே இல்லை.

பென்சிலை எடுத்துவிட்டு,
"தேடிப் பாக்கிறேன் என்சிக்" என்றேன்.