விஷயத்துக்கு வாங்க

மூக்கையூர் ஐஸ் கம்பெனியின் பின்சுவரில்
பத்துக்கு எட்டு அறை, ஒரு ரேடியோப் பெட்டி, நான்.
சாயங்காலம் ஆறு முதல் காலை ஆறு வரை
முப்பத்தெட்டு வள்ளங்களுக்குக் காது.

பெட்டிக்கு ஒரு குணம் உண்டு:
ஒருத்தர் பொத்தானை அமுக்கியிருக்கும் வரை
மற்ற முப்பத்தேழு பேருக்கும் வாய் கிடையாது.
கூப்பிட்டால் அவரவர் அணியத்துக்குள்ளேயே
கரைந்துபோகும் கூப்பாடு.
போன பங்குனியில் எஞ்சின் நின்ற ஒரு வள்ளம்
அப்படித்தான் ஒரு மணி நேரம் யாருமில்லாமல் மிதந்தது.
அதனால் கதவில் சாக்பீஸால் எழுதினேன்:
காற்று. நீவாடு. எஞ்சின். எல்லை. உயிர்.
வேறு பேச்சு கரையில்.

கதவைப் படிக்க வேண்டியவன் எவனும்
கரையில் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

இன்னாசி பர்னாந்து தன் சினையாட்டைப் பற்றி
ஒன்பது நிமிடம் பேசுவார்.
கிளாடியஸ், கடன் வாங்கி ஓடிய கொழுந்தனை
எட்டு பாகம் தண்ணீரில் நிறுத்தி ஏசுவான்.
சாயல்குடியில் கருப்பட்டி என்ன விலை,
ஏர்வாடிச் சந்தனக்கூட்டுக்கு எத்தனை பஸ்,
நோ-பால் கொடுத்த அம்பயருக்குக் கண் இருக்கிறதா.
"விஷயத்துக்கு வாங்க" என்பேன்.
"வந்துட்டோம் தாயி" என்பார்கள்.
வரமாட்டார்கள்.
ஏலத்தில் என்னைக் கண்டால்
"விஷயம் வருது, வழி விடு."

கோபமில்லை என்று சொன்னால் பொய்.
நோட்டில் கோடு கிழித்து நான்காவது பத்தி சேர்த்தேன்:
நேரம், வள்ளம், சேதி, வீண்பேச்சு.
நான்காவதுதான் முதலில் நிரம்பியது.

ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள்
பதினொன்று நாற்பதுக்குச் சீனி நைனா:
"தண்ணி ஏறுது, உப்புத்தண்ணித் தீவுக்குத் தெக்கே..."
அதற்கு மேல் இரைச்சல்.

யாரும் கூச்சலிடவில்லை.
"கிளாடியஸ். கிழக்கே பாக்கேன்."
"சவேரியார் அடிமை. ஒன்னும் தெரியலை."
"நீவாடு மேற்கே இழுக்குது."
"இன்னாசி. விளக்கை அணைச்சு அணைச்சுக் காட்டுறேன்."
பொத்தான் விடும் சத்தம்.
அடுத்தவர். பொத்தான் விடும் சத்தம்.
ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை.
நான் ஏங்கிய ஒழுங்கு.

நான்காவது பத்தி வெள்ளையாகக் கிடந்தது.
அந்த வெள்ளையைப் பார்க்கப் பார்க்க
அடிவயிறு கலங்கியது.
யாராவது கருப்பட்டி விலை கேட்க மாட்டீர்களா.
ஆடு என்ன ஆச்சு என்று நானே கேட்க
பொத்தான் வரைக்கும் விரல் போனது.
எடுத்துவிட்டேன்.
அந்த இடைவெளி நைனாவின் வாயாக இருக்கலாம்.

மூன்று இருபதுக்குக் கிளாடியஸ்:
"ஆள் மூணும் ஏத்தியாச்சு.
டீசல் கேனைப் பிடிச்சுக் கிடந்தாங்க.
வள்ளம் போச்சு."
எழுதினேன். என் கையெழுத்து எனக்கே விளங்கவில்லை.

ஒரு நிமிடம் எவரும் அமுக்கவில்லை.
அப்புறம் மெதுவாக இன்னாசி:
"தாயி, விஷயத்துக்கு வெளியே ஒன்னு.
ஆடு நேத்தே ரெண்டு குட்டி போட்டுருச்சு.
ஒன்னு முழுக் கறுப்பு."

நேரத்தை எழுதினேன், மூன்று இருபத்தாறு.
எந்தப் பத்தி என்று யோசித்துப்
பேனாவை மூடி வைத்தேன்.
"அஞ்சு நிமிஷம்" என்றேன். "அதுக்கு மேல கிடையாது."

கிளாடியஸின் பெட்டியில்
பல் தந்தியடிக்க வேறொரு குரல், நைனா:
"இன்னொன்னு என்ன நிறம்?"