மூன்று வேளை

சொய்ஜிலின் வலப்பக்கம்
குடித்தனக்காரர் சொல்லாமல்
காலி செய்துபோன வீடு.
தலான்சத்காத் ஆஸ்பத்திரி மாத்திரை
காலையில் இரண்டு, இரவில் ஒன்று.
நடுவில் வைத்தியர் சம்பூ வருவார்.
கம்பளித் துணியில் சாதிக்காயும் சீமைச்சோம்பும் முடிந்து
நெய்யில் காய்ச்சி
உச்சந்தலையில் வைத்து அழுத்துவார்.
சூடு எதுவரை இறங்கியது என்பார்.
"க்… க்…" என்பார் சொய்ஜில்.
பதினோரு வாரம்.

வெளியே மைனஸ் முப்பது.
நிலக்கரி லாரியை விற்றுவிடலாமா என்று
துல்மா மெதுவாகத்தான் கேட்டாள்,
அடுப்பில் காய்ந்த ஒட்டகச் சாணத்தைப் போட்டபடி.

கட்டிலில் கிடந்த சாவியை
வலக்கைச் சுண்டுவிரல்
ஒரு நகக்கண் அளவு
தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

நெய் என்றார் சம்பூ.
மாத்திரை என்றார் டாக்டர்.
துல்மா எதிர்த்துப் பேசவில்லை.
லாரியை விற்கலாமா என்று
கேட்கிறாள்,
நாளுக்கு மூன்று வேளை,
சாப்பாட்டுக்கு முன்.