நூறு வெள்ளி

சாம்பாரில் உப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"கூப்பிட்டுட்டாங்க" என்றாய்
கைப்பேசியிலிருந்து தலை நிமிராமல்.
யார் என்று நான் கேட்கவில்லை.
ஆண்டுக்கொருமுறை உன்னைக் கூப்பிடுகிறவர்கள்
எனக்கும் பழக்கம்தான்.

குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள என்று
ஈசூன் வீட்டுக்குள் கட்டிக்கொடுத்த இரும்புக்கதவு அறையில்
அரிசி மூட்டைக்கும் ஓடாத மின்விசிறிக்கும் பின்னால்
கிடந்தது உன் பச்சைப் பை.
பூட்ஸை எடுத்தால் அடிப்பாகம் தனியே வந்தது.
செங்கதிர் என்று நெஞ்சில் பெயர் ஒட்டிய சட்டை
வயிற்றில் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.
"எதிரி வந்தா சிரிச்சே செத்துருவான்" என்றேன்.
பொத்தானைப் பிடித்துக்கொண்டு
மூச்சை உள்ளிழுத்தாய்.

பதினான்கு நாள்.

நான்காம் நாள் நிறைமதிக்குக் காய்ச்சல்.
பாலர் பள்ளி அழைத்தபோது நான் சாங்கியில்,
கூட்டத்தின் நடுவில்.
பக்கத்து வீட்டு ரொஹானா அக்காதான்
ஈர முக்காட்டோடு ஓடிப்போய்த் தூக்கி வந்தார்.
இரவு முழுக்க நெற்றியில் துணி மாற்றினேன்.
"அப்பா எங்க?"
"காட்டுல."
"புலி இருக்குமா?"
"கொசு இருக்கும்."
அதற்குத்தான் அழுதாள்.

ஒன்பதே முக்காலுக்கு நீ அழைப்பாய்.
சாப்பிட்டாச்சா என்பாய்.
உன் குரலுக்குப் பின்னால்
ஜெனரேட்டர் இரைச்சல், நான்கு மொழியில் சிரிப்பு,
யாரோ காப்பி கலக்கும் சத்தம்.
ஆறு பேருக்கு ஏழு குவளை.
அந்த ஏழாவது யாருடையது என்று
கல்யாணமான புதிதில் ஒருமுறை சொன்னாய்.
ஜுன் ஹாவ். பத்தொன்பது வயது. பயிற்சி.
"மழை" என்றாய்.
அதன் பிறகு நீயும் சொல்லவில்லை
நானும் கேட்கவில்லை.

காய்ச்சலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.
எல்லாம் நல்லா இருக்கு, வை, தூங்கு.

நீ வந்த மறுவாரம் எனக்கொரு கடிதம்.
எனக்குத்தான், என் பெயருக்கு.
குடும்பத்தினரின் ஆதரவுக்கு நன்றி.
கூடவே நூறு வெள்ளிப் பற்றுச்சீட்டு.
முதலில் சிரிப்புத்தான் வந்தது:
ஓர் இரவுத் தூக்கம் எத்தனை வெள்ளி,
ஈரத்துணி எத்தனை காசு?
நம் வீட்டில் நன்றி என்று யாரும் சொல்வதில்லை.
சொன்னால், என்ன கோபமா என்று கேட்போம்.
இருந்தும் கடிதத்தைக் குப்பையில் போடக்
கை வரவில்லை.
இரும்புக்கதவு அறையில்,
ஆணியில் மாட்டிவைத்தேன்.

ஐந்து கிலோ அரிசி வாங்கினேன்,
சேற்றுச் சட்டைக்குச் சவர்க்காரம்,
காய்ச்சல் மருந்து ஒரு போத்தல்,
ரொஹானா அக்காவுக்குப் பேரீச்சை.
மீதிக்கு ஆரஞ்சு.
எட்டு.

சீனப் புத்தாண்டு முடிந்து மாதங்கள் ஆகின்றன.
அவன் பிறந்த நாளும் இல்லை.
ஏன் இப்போது என்று ஹவ்காங் போகும் பேருந்தில்
நீ கேட்கவில்லை.
மின்தூக்கியில் நான்
மூன்று மொழியில் ஒத்திகை பார்த்தேன்.
எந்த மொழியிலும் அந்த வாக்கியம்
ஆறாம் மாடி வரை வந்து சேரவில்லை.

கோ ஆன்ட்டி கதவைத் திறந்தார்.
உன் முகத்தைப் பார்க்குமுன் தலையைப் பார்த்தார்.
ஒட்ட வெட்டிய முடி
இன்னும் வளர்ந்திருக்கவில்லை.
எட்டிக் கை வைத்து
பின்னங்கழுத்திலிருந்து மேலே,
எதிர்வாட்டில், ஒருமுறை தடவினார்.
"போத்தாக்" என்றார்.
அவருக்கும் நமக்கும் பொதுவாயிருக்கும்
பத்துப் பதினைந்து சொற்களில் ஒன்று.
நீ குனிந்தபடியே நின்றாய்,
அவர் கை எடுத்த பிறகும்.

பிறகு நாற்காலி போட்டு
அவர் சமையலறை விளக்கை மாற்றினாய்.
அவர் ஆரஞ்சை உரித்தார்,
வெள்ளை நாரை ஒவ்வொன்றாய்க் களைந்து
முதல் சுளையை நிறைமதிக்குக் கொடுத்தார்.
என்னைப் பார்த்து
உடைந்த மலாயில் கேட்டார்:
பதினான்கு நாளும் தனியாகவா?

யாரும் கேட்டிராத கேள்வி.
ஆம் என்றேன்.
இன்னொரு சுளையை எடுத்து
நார் நீக்கத் தொடங்கினார்,
எனக்கு.