சுற்றுவண்டி

இக்கோட் என்றால் சுற்று.
டிலிமன் வளாகத்தில் என் மஞ்சள் ஜீப்புக்கு
அதுதான் பெயர், அதுதான் விதி.
எதிர்ப்பக்கம் சுற்றுகிற வண்டி டோக்கி:
அதே சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து வாசித்தது.
இருபத்தாறு வருடமாகச் சுற்றுகிறேன்.
ஒரு வகுப்பிலும் உட்கார்ந்ததில்லை.

காசு என்னிடம் நேராக வராது.
பின்வாசல் ஓரத்துப் பெண் நீட்ட,
அடுத்தவன் வாங்கி, அவனுக்கடுத்தவள் வாங்கி,
ஆறேழு கை மாறி
என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கும், சூடாக.
மீதிச் சில்லறையும் அப்படியே திரும்பிப் போகும்.
குறைந்ததே இல்லை என்று சொல்லமாட்டேன்.
மாதக் கடைசியில் குறையும்.

சாலையின் இருபுறமும் தூங்குமூஞ்சி மரங்கள்.
பொழுது சாய்ந்தால் இலையை மடித்துக்கொள்ளும்.
அதற்குப் பிறகுதான்
இந்தப் பிள்ளைகள் விழிக்கவே ஆரம்பிப்பார்கள்.

பல்கலைக்கழகம் இங்கே பிறந்ததில்லை.
ஒரு பையன், வரலாற்றுத் தேர்வுக்கு,
இறங்காமல் இரண்டு சுற்று உரக்கப் படித்தான்.
அவனிடம் கேட்டதுதான்:
மணிலாவில் இருந்ததாம். போர் இடித்துப் போட்டதாம்.
மிஞ்சியதை லாரியில் ஏற்றி வந்தார்களாம்,
கைகளை விரித்து நிற்கிற அம்மண மனிதனின் சிலையோடு.
ஆளுயரப் புல்லுக்கு நடுவே
அமெரிக்கப் பட்டாளம் விட்டுப்போன தகரக் கொட்டகைகள்.
மழை பிடித்தால்
வாத்தியாரின் வாயசைவுதான் பாடம்.
இந்தக் கடைசி வரி புத்தகத்தில் இருந்ததா,
அவன் சேர்த்ததா, தெரியாது.

பக்கத்தைப் புரட்டினான்.
எழுபத்தொன்று. பெட்ரோல் விலை மூன்று சென்டாவோ ஏறியது.
ஜீப்புக்காரர்கள் வண்டியை நிறுத்தினார்கள்.
மாணவர்கள் மேசை நாற்காலியைச் சாலையில் குவித்து
ஒன்பது நாள் இந்த வளாகத்தைத் தங்கள் நாடு என்றார்கள்.
ஒருவன் வீடு திரும்பவில்லை.
"மூன்று சென்டாவோ, மூன்று சென்டாவோ"
என்று மனப்பாடம் செய்தான். இரண்டு மதிப்பெண் கேள்வியாம்.

நான் ஓரமாக நிறுத்தினேன்.
"மனோங், போகலாமா?" என்றார்கள்.
அவன் காசு முன்னால் வந்தது.
வந்த கைகள் வழியாகவே திருப்பி அனுப்பினேன்.
யாருக்கும் புரியவில்லை. அவனுக்கும்தான்.

பெருந்தொற்று வருடம் வாசலைப் பூட்டினார்கள்.
என் பின்சக்கரத்தில் கொடி ஏறியது.
வீட்டில் அடைந்து, சின்னத் திரைகளில் படித்த பிள்ளைகள்
ஓட்டுநர்களுக்கு அரிசி அனுப்பினார்கள்.
மூட்டையின் மேல் பேனாவால் எழுதியிருந்தது:
பயாட் போ. கட்டணம், ஐயா.

என் மகள் அமிஹான். எங்கள் மொழியில் வாடைக்காற்று.
நுழைவுத்தேர்வுக்கு என் ஜீப்பில்தான் போனாள்,
மற்றவர்களோடு நெருங்கி உட்கார்ந்து, காசு கொடுத்து.
முடிவு வந்தது. இடம் உண்டு.
இங்கே இல்லை.
மியாகாவ். மீன்வளப் படிப்பு. கடல் தாண்டிப் பனாய்த் தீவு.
"அதுவும் இதே பல்கலைக்கழகம்தான், அப்பா."
அன்றைக்குத்தான் விசாரித்தேன், மொத்தம் எத்தனை என்று.
மலையடியில் பயிர் பார்க்க ஒன்று.
பைன் மரக் குளிரில் ஒன்று.
மருத்துவத்துக்கு மணிலாவிலேயே ஒன்று.
தெற்கே தாவாவோவிலும்.
இன்னும் சொல்லிக்கொண்டே போனாள்.
முழுசாகச் சுற்றிவிட்டதாக நினைத்திருந்தேன்.

"வாடை தெற்கே போவது வழக்கம்தானே,"
என்றாள் மனைவி, மூக்கைச் சிந்தியபடி.

துறைமுகத்துக்கு ஜீப்பிலேயே போனோம்.
பழக்கமில்லாத சாலை.
ஒவ்வொரு முனையிலும்
கை தானாக ஒடிக்கப் பார்த்தது.

அவள் கப்பல் படியில் பாதி ஏறிய பிறகுதான்
பணம் வைத்த உறை என் சட்டைப்பையிலேயே இருப்பது தெரிந்தது.
நடுவில் ஐம்பது பேர், கோழிக் கூடை, மெத்தைச் சுருள்.
முன்னால் நின்றவரிடம் நீட்டினேன்.
அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்தவரிடம் கொடுத்தார்.
கை மாறிக் கை மாறி உறை மேலேறியது.

எண்ணிப் பார்த்தாள்.
ஒரு தாளை மட்டும் உருவி, நாலாக மடித்து,
வந்த வழியே இறக்கிவிட்டாள்.

டீசலுக்கு.