அடுப்பை அணைத்தாயா

வெள்ளை பீன்ஸ் ஊறியது ஓர் இரவும் ஒரு பகலும்.
நிலம் ஆடியது ஐந்து நொடி.

இடையில் நான்
படகுத்துறை ஜன்னலில் எழுபத்தொரு டிக்கெட் கிழித்தேன்,
ஒரு குடிகாரனோடு சில்லறைக்குச் சண்டை போட்டேன்,
விடிந்ததும் சந்தையில் வாங்கினேன்
இரண்டு கேரட், ஒரு செலரித் தண்டு,
கசப்புக் கீரை ஒரு கட்டு.
தூங்கி எழுந்து பார்த்தால்
கிண்ணத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை.
எல்லாவற்றையும் குடித்துவிட்டு
தோல் விம்மிக் கிடந்தன, வெட்கமில்லாமல்.

பொட்சுவோலியில் எங்களுக்குத் தெரியும்,
நிலம் மூச்சு விடும்.
துறைமுகத்தின் அடித்தரை மேலே வந்துவிட்டது;
படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கின்றன.
மழை அளவு சொல்வதுபோல்
எத்தனை மில்லிமீட்டர் எழும்பினோம் என்று செய்தியில் சொல்கிறார்கள்.
தெரிந்து என்ன?

பீன்ஸ் ஒரு பக்கம் கொதிக்க
மறுபக்கம் எண்ணெயில் பூண்டு சிவக்கும் நேரம்
விளக்கு ஊஞ்சலாடியது.
அலமாரிக்குள் தட்டுகள் பல்லைக் கடித்தன.
நான்கு மாடி இறங்கியபின்தான் தெரிந்தது
காலில் செருப்பில்லை, கையில் கரண்டி.

கீழே, கார்கள் நிற்கும் இடத்தில்
எல்லாரும் எல்லாரையும் கேட்டது ஒரே கேள்வி:
அடுப்பை அணைத்தாயா?
பயந்தாயா என்று யாரும் கேட்கவில்லை.

அணைத்தேன் என்றேன்.
திருகியது கைக்கு நினைவிருந்தது.
இடப்பக்கமா வலப்பக்கமா என்பதுதான் இல்லை.

தீயணைப்புக்காரன் அந்தப்பக்கம் திரும்பியதும் ஏறினேன்.
சமையலறை முழுக்கப் புகை.
பூண்டு கரிக்கட்டை.
பீன்ஸ் மட்டும் எதுவும் நடக்காததுபோல்
மெல்லத் தளதளத்துக்கொண்டிருந்தது.
ஒன்றை நசுக்கினேன்: வெண்ணெய்.
நறுக்கிய காய்களை உள்ளே கொட்டி,
துண்டில் சுற்றி, இடுப்பில் இடுக்கி,
குழந்தையைத் தூக்கி வருவதுபோல் இறங்கினேன்.
அவன் திட்டினான். பிறகு மோந்து பார்த்தான்.

கோசிமோவின் வேனில் மீன்பிடிக்கப் போகும் சின்ன அடுப்பு.
பாஸ்தாவுக்குத்தான் ஆள் ஆளாய் மேலே ஓடினார்கள்.
எந்த வீட்டிலும் முழுப் பொட்டலம் இல்லை,
எந்த வீட்டிலும் மீதி உண்டு:
அரைக்கைப்பிடி சிப்பி, நாலு குழாய்,
உடைந்த ஸ்பகெட்டி,
யாரோ குழந்தைக்கு வாங்கிய எழுத்துகள்,
ஏ, எஃப், மூன்று ஓ.

ஒரு பானைக்கு ஒன்று பதம் என்பார்களே,
இந்தப் பானையில் அது செல்லாது.
எழுத்து கரைந்தபோது சிப்பி பல்லில் நின்றது.
குழாய் வெந்தபோது எழுத்தே இல்லை.
எல்லாம் சேர்ந்து பதமாகும் நிமிடம் ஒன்று
வருமென்று காத்திருந்தோம்.
வரவில்லை. பசி வந்தது. இறக்கினோம்.

இரண்டாம் மாடி அசுந்தா
மூன்று வருடமாய் என்னோடு பேசியதில்லை.
என் ஜெரேனியத் தொட்டித் தண்ணீர்
அவள் வெள்ளை விரிப்பில் சொட்டிய நாளிலிருந்து.
காபிக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன்.
உற்றுப் பார்த்தாள்.
"பீன்ஸில் கேரட்டா?"

நான் பதில் சொல்லவில்லை.
அவள் கேரட்டை ஒவ்வொன்றாய் எடுத்து
வண்டியின் மூடிமேல் வரிசை வைத்தாள்.
ஏழு துண்டு. எண்ணினேன்.

மூன்று மணிக்கு மறுபடி ஆடியது, சிறிதாக.
பானைக்குள் கரண்டி டிங் என்றது.
தொலைவில் ஒரு நாய், பிறகு எல்லா நாய்களும்.
கோசிமோ எழுந்து போய்
அணைத்த அடுப்பை இன்னொரு முறை அணைத்தான்.
ஏழு துண்டில் இரண்டு உருண்டு தரையில் விழுந்தன.

இருட்டில் அசுந்தா என் முழங்கையைப் பிடித்திருந்தாள்.
விடவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.
"கேட்கிறேன் என்று நினைக்காதே," என்றாள்,
"அடியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறதா?"