சரக்கு: குழந்தை 1

ஏழாவது வளைவில் தூங்கிவிடுவாள்.
அடிவாரத்தில் அழுகை,
மூன்றில் விம்மல்,
ஐந்தில் ஒரு கொட்டாவி.
ஆறு திரும்பும்போது
என் தாலிக்கயிற்றைப் பிடித்திருக்கும் விரல்கள்
ஒவ்வொன்றாய்க் கழன்றுகொள்ளும்.
ஏழு.
மாதேஸ் வண்டியைத் திருப்ப
இடம் பார்ப்பார்.

முதல் தடவை தற்செயல்தான்.
ஏற்காட்டு லாட்ஜ் ஒன்றுக்குப் பன்னிரண்டு மெத்தைகள் பின்னால்,
முன்னால் நாங்கள் மூன்று பேர்.
இரண்டு நாளாய்ச் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் தூங்காத ஆதிரை
மலை ஏற ஏறச் சாய்ந்துவிட்டாள்.
மெத்தை அங்கே, தூக்கம் இங்கே என்று சிரித்தோம்.
அந்தச் சிரிப்புக்கு
எண்பத்திரண்டு இரவு டீசல் போட்டோம்.

ஊரே குட்டியானை என்கிற வண்டி
எங்கள் வீட்டில் தொட்டில்.

சோதனைச்சாவடியில் அன்னக்கிளி
வண்டி எண், நேரம் எழுதுவாள்.
சரக்கு என்ற கட்டத்தில்: குழந்தை 1.
நோக்கம்: தூக்கம்.
எழுதி முடிக்கும்வரை
டார்ச்சைத் தரையைப் பார்த்தே பிடித்திருப்பாள்.

ஒன்றாம் தேதியிலிருந்து எனக்கு வேலை,
ஜவ்வரிசி ஆலையின் சோதனைக்கூடம், காலை ஆறு மணி ஷிப்ட்.
"ஒண்ணு ஒண்ணாக் குறைப்போம்" என்றார் மாதேஸ்,
குடியை விட்டவர் பேசுவதுபோல்.
அவர் விட்டவர்தான்.
அது வேறு கதை.

ஆறில் திரும்பினோம். வீடுவரை அழுதாள்.
ஆறிலேயே மூன்று நாள் நின்றோம்.
ஐந்துக்கு இறங்கிய வாரம் சளி பிடித்தது,
மறுபடி ஏழு.
நான்கில் ஒரு காட்டெருமை
சாலையை அடைத்து நின்று எங்களையே பார்த்தது,
விளக்கை அணைத்துக் காத்திருந்ததில் தூங்கிப்போனாள்.
அந்த இரவை
எங்கள் சாமர்த்தியத்தில் சேர்க்கவில்லை.
இரண்டாம் வளைவில் 'ஒலி எழுப்பவும்' என்றது பலகை.
எழுப்பவில்லை.
பிறகு சாவடியைத் தொடாமலே திரும்பினோம்.
பிறகு வாசலில் நின்றபடி எஞ்சின் மட்டும்,
பக்கத்து வீட்டு ஜன்னல் படாரென்று மூடியது.
பிறகு எஞ்சினும் இல்லாமல்
சும்மா இருக்கையில்,
பெட்ரோமாக்ஸ் அணைந்த கடைபோல் நாங்கள்.

கடைசியில் பாய்.
விழித்திருக்கும்போதே கிடத்தினேன்.
நெற்றியைத் தடவிவிட்டு வெளியே வந்து
கதவை ஒரு சாண் திறந்து வைத்தேன்.
அழுதாள்.
நாலு நிமிஷத்துக்கு ஒருதரம் போய்
தூக்காமல், குனிந்து,
"இங்கதான் இருக்கேன்" என்றேன்.
என் உடம்பு நம்பவில்லை,
நைட்டி இரண்டு வட்டமாய் நனைந்தது.

மாதேஸ் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.
கைகள் இரண்டும் காற்றை ஒடித்துக்கொண்டிருந்தன,
வலது, வலது,
கொஞ்சம் நேர்,
முழுசாய் இடது.
"எத்தனாவது?"
"பதிமூணு.
இவளோட இவ்வளவு தூரம் வந்ததேயில்ல."

அழுகை பாதியில் நின்றது.
அதுதான் அதிகம் பயமுறுத்தியது.
ஒரு சாண் இடைவெளியில் இரண்டு தலைகள்.

மல்லாந்து கிடந்தாள்,
போர்வை நுனி வாயில்.
விட்டத்தில் எதையோ கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு
பாரம் ஏற்றிய வண்டிபோல்
நிதானமாய்,
இடுப்பு முதலில், தோள் அப்புறம், தலை கடைசியாக,
தானே ஒருக்களித்தாள்.

மாதேஸின் கைகள் மட்டும்
மலையிலிருந்து இறங்க வெகு நேரமானது.

விடிகாலைப் பேருந்து நிறுத்தத்தில்
இரவுப் பணி முடிந்து வந்த அன்னக்கிளி
கொட்டாவிக்கு நடுவே கேட்டாள்:
"சரக்கு?"

"இறக்கியாச்சு."